உமிமேட்டில் ஒரு பனிச்சரிவு

பனிச்சறுக்குத் தலங்களில் மலைச்சரிவுகளை எவ்வாறு செப்பனிடுகிறார்கள் என்பதை விளக்கும் ஆங்கிலக் கையேடு ஒன்று, மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு பிற்பகலில் என் மேசைக்கு வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி அது. அலுவலகம் ஒன்றின் ஆங்கிலக் கடிதப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பின்னர், யாங்கோன் நகரின் நடுப்பகுதியில் ஒரு மாடியறையில் அமர்ந்து ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுத்து வந்தேன். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, கப்பலில் வேலைக்குச் செல்வோரின் ஒப்பந்தம் ஆகியவையே வழக்கமாக வருபவை. பனியைப் பற்றி எவரும் அதுவரை என்னிடம் எதையும் கொண்டுவந்ததில்லை.

கொண்டுவந்தவர், கடலோடிகளை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுப்பிவைக்கும் முகவர். நாற்பது வயது மதிக்கத்தக்க பர்மியப் பெண்மணி. ஜப்பானில் மலைமேல் உள்ள ஒரு சறுக்குத் தலத்திற்குக் குளிர்காலம் நான்கு மாதங்களுக்கு இயந்திர ஓட்டுநர் இருவர் தேவையாம். நால்வரைத் தேர்வு செய்து நிறுத்தினால், அங்கிருந்து ஒருவர் வந்து சோதித்து இருவரை எடுத்துக்கொள்வார். அந்த நால்வரும் படிப்பதற்காகக் கையேட்டைப் பர்மிய மொழியில் ஆக்கித் தரவேண்டும்.

"ஸயா, படம்தான் நிறைய. எழுத்து கொஞ்சம். மூணு வாரம் போதும்ல?" என்றார். ஸயா என்பது ஆசிரியரையும் மதிக்கத்தக்க பெரியவரையும் பர்மியர் அழைக்கும் சொல்.

"நீங்கள் பனியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"குளிர்பெட்டிக்குள்ள பாத்திருக்கேன். அதை மாசத்துக்கு ஒரு தடவ சுரண்டிப் போடுவேன்" என்று சிரித்தார்.

என் அறிவும் அவ்வளவே. ஆயினும் பொருளை அறியாமல் சொல்லை மட்டும் மாற்றிவைப்பது எனக்கு ஒவ்வாதது. ஆகவே மொழிபெயர்ப்பதற்கு முன்னர் அந்தக் கையேட்டை மூன்று முறை வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது இது. பகல் முழுவதும் சறுக்குவோர் சரிவில் இறங்கி இறங்கிப் பனியைக் கீழ்நோக்கியும் இரு ஓரங்களுக்கும் தள்ளிவிடுகிறார்கள். நடுவே பள்ளமும் மேடும் உண்டாகின்றன. மாலையில் ஆட்கள் இறங்கியதும், அகன்ற பட்டைச் சக்கரங்கள் கொண்ட இயந்திரம் சரிவில் ஏறுகிறது. அதன் முன்புறத் தகடு, ஓரங்களில் ஒதுங்கிய பனியை நடுவுக்குக் கொண்டுவந்து பள்ளங்களை நிரப்புகிறது. பின்புறத்தில் பற்கள் பதித்த உருளை ஒன்று வேகமாகச் சுழன்று, இறுகிய கட்டிகளை நொறுக்கித் தூளாக்குகிறது. அந்தத் தூளை அதன்பின் இழுபட்டு வரும் சீப்பு போன்ற பாகம் சமமாக அழுத்தி, கார்டுராய் துணியில் உள்ளவை போன்ற மெல்லிய வரிகளாக விட்டுச் செல்கிறது. இயந்திரம் ஒருமுறை ஓடிச் செப்பனிட்ட பட்டையின் விளிம்பின்மீது அடுத்த பட்டை சற்றே ஏறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வரப்பு நிற்கலாகாது. நின்றால் மறுநாள் அதில் ஒருவன் இடறுவான்.

அடித்துப் பொடியாக்கிப் பரப்பிய பனி உடனே உறுதியாவதில்லை. துகளும் துகளும் மெல்ல ஒன்றோடொன்று பற்றி இறுகச் சில மணி நேரம் வேண்டும். ஆகையால் வேலை முடிந்த பரப்பின்மேல் விடியும்வரை எவரும் கால் வைக்கலாகாது என்று கையேடு வலியுறுத்தியது. மிதித்த தடம் அப்படியே உறைந்து குழியாகும். அதை ஒட்டுப்போட இயலாது. அந்தப் பட்டை முழுவதையும் மறுபடி போட வேண்டும். இந்த விதி மட்டும் தடித்த எழுத்தில், தனிக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆலய வழிபாடு முடிந்தபின், ஆற்றுக்கு அப்பால் தன்லியினில் உள்ள என் தங்கை வீட்டுக்குப் பேருந்தில் சென்றேன். தங்கையின் கணவர் இருபது ஆண்டுகள் சாலை போடும் நிறுவனம் ஒன்றில் கிரேடர் ஓட்டியவர். செம்மண்ணையும் சரளையையும் சீவி மட்டமாக்கும் அந்த நீண்ட இயந்திரத்தின்மேல் அமர்ந்து, தொழிற்பேட்டையான லைங் தாயாவில் ஆலைப் பேருந்துகள் ஓடும் சாலைகளில் பெரும்பகுதியை மட்டம் செய்தவர் அவர்தாம். வேலை குறைந்ததும் நிறுவனம் கிரேடரை விற்றுவிட்டது. ஓட்டுநரை விலக்க மனமின்றி, தளவாடக் கிடங்கின் வாயிலில் காவலாக ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தது. எட்டு மாதங்களாக அவர் அந்த முக்காலியில் இருந்தார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தேழு.

"அண்ணே, இவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அந்த முக்காலிதான் நோவு" என்றாள் தங்கை. "சந்துல மாட்டுவண்டி போனாக்கூட எட்டிப் பாக்குறாரு, சக்கரம் சரியா உருளுதான்னு."

நான் கையேட்டைப் பற்றியும் நால்வரைத் தேடும் முகவரைப் பற்றியும் சொன்னபோது அவர் முதலில் ஏளனம் செய்தார்.

"பனின்னா தண்ணிதானே மச்சான்? தண்ணிய மட்டம் பண்ண மிஷின் எதுக்கு? அது தானாவே மட்டமாயிருமே."

பையிலிருந்த கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். படங்களைப் பார்த்தார். முன்புறத் தகட்டின் படத்தை விரலால் தொட்டு, "இது கிரேடர் தகடு மாதிரியேதான். சாய்ச்சுத் தூக்க முடியுது, ரெண்டு ஓரத்துக் காதும் தனித்தனியா மடங்குது" என்றார். நான் ஒரு வாரமாகப் போராடி விளங்கிக்கொண்டவற்றை அவர் கால்மணி நேரத்தில், ஓர் எழுத்தும் படிக்காமல், படங்களிலிருந்தே எனக்கு விளக்கினார். ஓரத்தில் வரப்பு நிற்பது கிரேடர் ஓட்டுநருக்கு எத்தகைய இழிவு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தடித்த எழுத்து விதியை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

"யாரும் மிதிக்கக் கூடாதுன்னா, இஞ்சினியர் எப்படிப் பாப்பாரு?"

"ஓரத்துல நின்னு பாப்பாரு, மாப்பிள்ளை."

"குதிங்கால வச்சு அழுத்திப் பாக்காம என்னத்தப் பாக்குறது? நாங்க ரோடு முடிச்சா ஓட்டுனவனும் இஞ்சினியரும் சேர்ந்து மேலே நடந்துதான் பாப்போம். நடக்காத ரோட்ட எவன் ஏத்துக்குவான்?"

"இது ரோடு இல்ல."

"ம்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தம்மாகிட்ட நாலாவது ஆள் கெடச்சிட்டாரா, கேளுங்க மச்சான்" என்றார்.

நான்காவது ஆள் கிடைத்திருக்கவில்லை. மற்ற மூவருள் இருவர் அணைக்கட்டு வேலைகளில் புல்டோசர் ஓட்டியவர்கள்; ஒருவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். என் மைத்துனரை நான்காமவராகச் சேர்ப்பதற்கு முகவர் தடை சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரின் உறவினர் என்பதை மட்டும் சோதிக்க வருபவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்றார். தெரிவித்தோம்.

பழகுவதற்குப் பனி ஏது? மைத்துனரே ஒரு வழி கண்டுபிடித்தார். தன்லியினிலிருந்து கியாக்தான் செல்லும் சாலையில் நெல் ஆலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர், முன்னோர் இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம். ஆலைக்குப் பின்னால், பல ஆண்டுகளாகக் கொட்டிய உமி ஒரு சிறு குன்றாகக் குவிந்து, ஒரு பக்கம் நீண்ட சரிவாக இறங்கியிருந்தது. ஆலைக்குள் செல்லும் வழியை ஒரு காலத்தில் மைத்துனர் மட்டமிட்டுக் கொடுத்திருந்தார். அந்த நன்றி ஆலைக்காரருக்கு இருந்தது. உமியை ஒதுக்குவதற்கென்று அவர் வைத்திருந்த பழைய சிறு புல்டோசரையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அதன் பின்னால் இரும்புப் பற்கள் பதித்த மரச்சட்டம் ஒன்றைச் சங்கிலியில் கட்டி இழுத்தால், உருளைக்கும் சீப்புக்கும் அது ஒருவாறு ஈடாயிற்று.

உமி பனியைப் போலப் பல வகையில் நடந்துகொண்டது என்று பிற்பாடு தெரியவந்தது. இலேசானது, தள்ளினால் ஓரங்களில் வழியும், செங்குத்தான இடத்தில் இயந்திரத்தின் அடியில் நழுவும். மைத்துனர் மூன்று ஞாயிறுகள் அதில் பழகினார். உடம்பெல்லாம் அரிப்பு. தலைத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, சரிவில் நேராக மேலேறி, உச்சியில் திரும்பி நேராகவே இறங்கி, அடுத்த பட்டையை முந்தியதன் விளிம்பில் ஒரு சாண் ஏற்றிப் போட்டார். சரிவின் நடுவில் வண்டியைத் திருப்பலாகாது, திருப்பினால் பட்டைச் சக்கரம் பரப்பைக் கிழித்துவிடும் என்று கையேடு சொன்னதை நான் கீழிருந்து உரக்கப் படிப்பேன். அவர் தலையசைப்பார்.

ஒன்றில் மட்டும் உமி பனியை ஒத்திருக்கவில்லை. அது இறுகுவதேயில்லை. இன்று மட்டமாக்கினாலும் நாளைக் காற்று கலைத்துவிடும். எனவே முடித்த பரப்பைக் காக்க வேண்டிய தேவை எங்கள் பழக்கத்தில் எழவேயில்லை. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் அவர் இயந்திரத்தை மேலேயே நிறுத்திவிட்டு, தாம் போட்ட பட்டையின்மேல் கணுக்கால் புதைய நடந்து இறங்கி, தேநீரோடு நானும் ஆலைக்காரரும் நின்ற பக்கம் வருவார். நடக்கும்போதே குனிந்து ஆழத்தைப் பார்ப்பார். சாலைக்காரரின் பழக்கம் அது. விதியை நான் வாய்விட்டுப் படித்திருந்தேன், அவரும் கேட்டிருந்தார். எனினும் நான் அதைத் தடுத்துச் சொன்னதாக நினைவில்லை.

சோதனைக்கு வேறு இடம் கிடைக்காததால், அந்த உமிமேட்டையே முகவர் ஏற்பாடு செய்தார். சரிவை ஆளுக்கொன்றாக நான்கு நீளப் பகுதிகளாகப் பிரித்துக் கயிறு கட்டினார்கள். ஆலைக்காரருக்குப் பெருமகிழ்ச்சி.

"நாலு பேருதானா ஸார்? இன்னும் ஒரு நாலு பேரக் கூட்டியாந்திருக்கலாமே. அந்தப் பக்கம் இன்னொரு ஒமிக் குவியல் கெடக்கு" என்றார் என்னிடம்.

"இது பரீட்சை, பாய்."

"பரீட்சையா இருந்தா என்ன? ஒமி ஒதுங்குனா சரி."

ஜப்பானிலிருந்து வந்தவர் அறுபதைக் கடந்தவர், குள்ளமானவர், வெயிலிலும் பனியிலும் கறுத்த முகம். ஆங்கிலம் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசினார். அவர் சொல்வதை நான் நால்வருக்கும் கேட்கும்படி பர்மிய மொழியில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று முகவர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்ளத் தேவையிராத ஒன்று. என் தொழிலின் ஒழுக்கமே அதுதான்.

உமியைக் கையில் அள்ளிப் பார்த்து, அதை வழியவிட்டு, "நல்லது" என்றார் அவர். பின்னர் சரிவின் அடிவாரத்தில் நின்றுகொண்டு, நாற்காலி போட்டும் உட்காராமல், நால்வரின் வேலையையும் பார்த்தார்.

முதலாமவர் தகட்டை ஆழமாக இறக்கிப் பழைய கறுத்த உமிவரை தோண்டிவிட்டார். இரண்டாமவர் துறைமுகத்துக்காரர், அச்சத்தினால் ஒரே இடத்தில் பலமுறை சென்றுவந்தார். மூன்றாமவர் நன்றாகவே செய்தார், ஒரு வரப்பைத் தவிர. மைத்துனர் கடைசி.

அவர் வேலையைப் புகழ்வது என் உறவுமுறைக்குப் பொருந்தாது. ஆனால் வந்தவர் அதுவரை ஓயாமல் எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடி நாற்காலியில் இட்டு, பேனாவை அதன்மேல் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார் என்பதைச் சொல்லலாம். மைத்துனர் முதலில் தகட்டைச் சாய்த்து இரு ஓரங்களிலும் கிடந்த உமியை மேல்நோக்கித் தள்ளிவந்து நடுவே சிதறவிட்டார். அதன்பின்னரே சட்டத்தை இறக்கினார். அவசரமேயில்லை. கடைசிப் பட்டையை முடித்தபோது சரிவு மேலிருந்து கீழ்வரை மெல்லிய வரிகளோடு, ஒரு பாய் விரித்தாற்போல் கிடந்தது. இயந்திரத்தை உச்சியில் நிறுத்தி, பொறியை அணைத்து, அவர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்.

விதிப்படி அதுதான் சரி. ஓட்டுநர் அங்கேயே இருக்க வேண்டும். அல்லது கயிற்றுக்கு வெளியே ஓரமாகச் சுற்றி இறங்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தக் கணத்தில் விதி தோன்றவில்லை. இந்நாட்டில் மூத்தவர் தரையில் நிற்க, இளையவர் அவர் தலைக்கு மேலான இடத்தில் அமர்ந்திருப்பது பெரும் மரியாதைக் குறைவு. அலுவலகத்தில்கூட மேலாளரின் நாற்காலி அருகே செல்லும்போது குனிந்து செல்வோம். வந்திருக்கும் பெரியவர் கீழே கால்கடுக்க நிற்கிறார். இவர் குன்றின் உச்சியில், இயந்திரத்தின்மேல், அரியணையில் இருப்பதுபோல் இருக்கிறார். எனக்கு உடல் கூசியது. பெரியவர் அப்போது குறிப்பேட்டைத் திறந்து எழுதக் குனிந்திருந்தார். நான் கையை உயர்த்தி, உள்ளங்கை கீழ்நோக்க, விரல்களை மடக்கி மடக்கி, இறங்கி வந்து வணங்குமாறு மைத்துனருக்குச் சைகை காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் அசையாதிருந்தார். பிறகு இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பெரியவர்முன் செல்வதற்காக. நேரே நடுச்சரிவில் நடந்து வந்தார்.

பாதி வழி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவரைத் தடுப்பதில் பயனில்லை. அவர் வந்து சேர்ந்து, குனிந்து வணங்கினார். பெரியவரும் அவரைவிட ஆழமாகக் குனிந்து வணங்கினார். பின்னர் நிமிர்ந்து, பேனாவால் சரிவைச் சுட்டினார். வரிகளின் நடுவே உச்சியிலிருந்து அடிவரை ஒற்றை வரிசையாகக் காலடிகள்.

"இவை யாருடையவை?"

நான் பர்மிய மொழியில் சொன்னேன். யாருடையவை என்று அனைவருக்கும் தெரியும். கேள்வி அதற்காக அன்று.

ஆலைக்காரர் என் தோளருகே வந்து தமிழில் மெல்லச் சொன்னார்: "ஸார், நீங்கதானே கையக் காட்டுனீங்க? சொல்லுங்க ஸார்."

நான் வாய் திறக்குமுன் மைத்துனர் திரும்பிப் பாராமலே, "நீங்க சும்மா இருங்க பாய்" என்றார். பின்னர் பெரியவரை நோக்கிப் பர்மிய மொழியில் பேசினார். அவர் சொன்னது இது:

"என்னோடதுதான். ரோடு போட்ட பழக்கம், ஸயா. முடிச்சதும் மேலே நடந்து பாக்குறது. மறந்துட்டேன். தப்பு என்னோடது. பனியா இருந்தா நாளைக்குக் காலையில இது ஒவ்வொண்ணும் ஒரு குழி. விழுந்தா காலு போயிரும். ஒட்டுப் போட முடியாது. முழுப் பட்டையும் மறுபடி போடணும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அழைத்தவன் நான் என்பதைச் சொல்ல, அவருடைய வாக்கியங்களுக்கிடையே இடம் இருந்தது. மொழிபெயர்ப்பவன் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது என்ற ஒழுக்கத்தின் பின்னால் நான் நின்றுகொண்டேன். அந்த ஒழுக்கத்தை அன்றுபோல் மறைவிடமாக நான் முன்பும் பயன்படுத்தியதில்லை, பின்பும் இல்லை.

பெரியவர் முகவரை அழைத்துத் தனியே பேசினார். திரும்பி வந்து, முதலாமவரையும் மூன்றாமவரையும் இயந்திரத்திற்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். தோண்டியவருக்கு ஆழம் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றார். துறைமுகத்துக்காரருக்கு நன்றி கூறினார். பிறகு மைத்துனரைப் பார்த்து, எனக்கு வேண்டிய அளவு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இயந்திரம் போகாத இடங்கள் உண்டு. ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பித்தூக்கியின் கம்பங்கள், வலைகள், வேலி. அங்கே மண்வாரியும் வாருகோலும் கொண்டு ஆட்கள் நடந்து வேலை செய்கிறார்கள். அந்தக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. ஒரு பனிக்காலம். அதற்குப் பின்னர் இயந்திரமா என்பதற்கு நான் உறுதி கூறமாட்டேன்."

மற்ற மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை எல்லாவற்றையும் பர்மிய மொழியில்தான் சொல்லிவந்தேன். இதை மட்டும் தமிழில் சொன்னேன். விதியைச் சிறிது மீறியதுதான். கூட்டவோ குறைக்கவோ செய்யவில்லை. மற்றவர்களுக்கு விளங்காமல் செய்தேன். அவருக்கு அன்று நான் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது அது ஒன்றே.

"அள்ளுற வேலையா?" என்றார்.

"ஆமா, மாப்பிள்ளை. அள்ளுற வேலை."

அவர் உச்சியில் நின்ற புல்டோசரைப் பார்த்தார். அணைக்கட்டுக்காரர் இருவரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது தங்கள் மகிழ்ச்சியின் சிரிப்பு, இவரைப் பற்றியதன்று.

"மிஷின் ஓடுறப்ப நான் அங்க இருப்பேனா, கேளுங்க."

கேட்டேன். பெரியவர் தலையசைத்தார். "ஆட்கள் முன்னால் சென்று வலையையும் அது கட்டிய கழிகளையும் எடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். இயந்திரம் அவர்களைக் கடந்து போகும். நாள்தோறும்."

"எவ்வளவு தூரத்துல?"

"கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்."

மைத்துனர் கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார்.

"வர்றேன்னு சொல்லுங்க மச்சான்."

ஆலையிலிருந்து பேருந்து நிற்கும் இடம்வரை என்னோடு நடந்து வந்தார். இருவரின் தலையிலும் கழுத்திலும் உமித்தூசி. நிழலுக்காக ஒரு தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்றபோது, நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

"மாப்பிள்ளை, நான் அந்த ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதுறேன். அவரு ஊருக்குப் போறதுக்கு முந்தி அந்தம்மாகிட்ட குடுத்திரலாம். நான்தான் கையக் காட்டி வரச் சொன்னேன்னு எழுதுறேன்."

"எழுதாதீங்க."

"உங்க மேல தப்பு இல்லைன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் சிரித்தார். எரிச்சலோடு கூடிய சிரிப்பு.

"நீங்க இவ்வளவு படிச்சும் இது தெரியலியே மச்சான். நீங்க கைய ஆட்டுனீங்க, நான் வந்தேன். அத அவருகிட்ட சொன்னா என்ன நெனப்பாரு? ஓரத்துல எவனாவது கைய ஆட்டுனா இவன் மிஷின விட்டுட்டுப் போயிருவான்னு நெனப்பாரு. மறந்தவன அள்ளுறதுக்காவது எடுப்பாங்க. கூப்பிட்ட பக்கமெல்லாம் போறவன எதுக்கு எடுக்கணும்?"

அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியை ஏற்றார் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஆலையிலிருந்து கடைவரை நடந்த வழியெல்லாம் அந்த எண்ணத்தால் உருகியும் இருந்தேன். அவரோ பெரியவரின் கேள்விக்கு ஓர் ஓட்டுநராக விடை சொல்லியிருக்கிறார். அந்த விடையில் எனக்கு இடமே இருக்கவில்லை.

"அப்ப ஏன்தான் வந்தீங்க? விதி உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யோசிச்சதையும் நான் பாத்தேன்."

"உங்க தங்கச்சியக் கட்டியிருக்கேன். நீங்க கீழ நின்னு கைய ஆட்ட, நான் மேல உக்காந்து வேடிக்க பாத்தேன்னா வீட்டுக்குப் போக முடியுமா? அவ சோறு போடுவாளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே பாதிதான் யோசிச்சேன் மச்சான். மீதி பாதி காலு அதுவா எறங்கிருச்சு" என்றார்.

பேருந்து வந்தது. நான் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்வரை, எழுதவிருந்த கடிதத்தின் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துப் பார்த்துக்கொண்டே சென்றேன். பழக்கத்தின் காரணமாக அது நன்றாகவே அமைந்தது. அதை எழுதவில்லை.

மறுநாள் வேறொரு கடிதம் எழுத நேர்ந்தது. வேலையை ஏற்றுக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஓர் ஒப்புதல் வேண்டும் என்று முகவர் சொல்லியனுப்பினார். மைத்துனர் என் மாடியறைக்கு வந்து எதிரே அமர்ந்தார். நான் இருபது ஆண்டு அனுபவத்தைக் குறிப்பிட்டு, கற்றுக்கொள்ளும் ஆர்வத்தைச் சொல்லி, உரிய காலத்தில் இயந்திரப் பணிக்குக் கருதப்படுவேன் என்ற நம்பிக்கையைப் பணிவாகத் தெரிவித்து, மூன்று பத்திகளில் எழுதி முடித்தேன். அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.

"மிஷின் பேச்ச எடுத்திருங்க" என்றார்.

"பணிவாத்தானே கேட்டிருக்கேன்?"

"கேட்டா வேற மாதிரி ஆயிரும். அள்ளுற வேலைக்கு வர்றேன், அவ்வளவுதான்."

இரண்டு பத்திகளை முழுதாகவும் மூன்றாவதில் பெரும்பகுதியையும் அடித்து நீக்கினேன். மீதியிருந்தது ஒரே வரி. அவர் கையொப்பமிட்டார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. தங்கை வீட்டில் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் கையசைத்த செய்தி ஆலைக்காரர் வாயிலாக அவளை எட்டியிருந்தது. வெயில் ஏறத் தொடங்கியபோது அவர் திரும்பினார். முகம் கறுத்து, இரு உள்ளங்கைகளிலும் காய்ப்பு ஏறியிருந்தது. என்ன கண்டீர் என்று கேட்டேன். இயந்திரத்தின் உருளை வெளியே எறியும் தூள் எவ்வளவு உயரம் எழும் என்பதைப் பற்றியும், கையேட்டின் படத்தில் சீப்பைத் தவறான கோணத்தில் வரைந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் நெடுநேரம் சொன்னார். மண்வாரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறு ஆண்டு மழை ஓய்ந்ததும், முகவர் வழியாக இரண்டாவது அழைப்பு வந்தது. புறப்பட வேண்டிய நாள் இருந்தது. எந்த வேலைக்கு என்பது அதில் இல்லை. விசாரித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவர் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.